ராத்திரி வீட்டில் தூங்கக் கிடைக்கும் லாரி வேலை: தேடிப் பிடிக்கும் வழி

திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல் பக்கம் பிறந்தவன் கையில் ஹெவி லைசென்ஸ் வந்துவிட்டால் வேலைக்குப் பஞ்சம் கிடையாது. நாளைக் காலையே, நாடு முழுக்க ஓடும் ஒரு நேஷனல் பர்மிட் வண்டியில் ஏறிவிடலாம். இறங்குவது எப்போது என்பதுதான் தெரியாது. மும்பை பக்கத்து பிவண்டிக்கு லோடு, அங்கிருந்து இந்தூர், இந்தூரிலிருந்து கொல்கத்தா என்று ரிட்டர்ன் லோடு அமையும்வரை ஊர்ப் பேச்சே இல்லை. நானும் பல வருடம் அப்படித்தான் லைன் வண்டி ஓட்டினேன். மகள் முதல் அடி எடுத்து வைத்ததை போனில்தான் பார்த்தேன். இப்போது கோழித்தீவன லாரி ஓட்டுகிறேன். சாயங்காலம் அவள் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

“லைன் போதும்ணா, லோக்கல்ல ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க” என்று தம்பிகள் பலர் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் டீக்கடையில் நின்று சொல்வதைக் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன். நான் சொல்வது எங்கள் கொங்குப் பக்கத்துக் கணக்கு. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ச் சரக்கைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் சரக்கைப் பாருங்கள்

‘லோக்கல் டிரைவர் தேவை’ என்று எழுதிய போர்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஓனர் கணக்கில் தூத்துக்குடியும் லோக்கல், சென்னையும் லோக்கல். வண்டியில் ஏறப்போகும் சரக்கு எவ்வளவு தூரம் போகும் என்று யோசியுங்கள். நீங்கள் வீட்டுக்கு வருவதும் வராததும் அதில்தான் இருக்கிறது.

சில சரக்கு தூரம் போகவே முடியாது. ரெடிமிக்ஸ் கான்கிரீட் இறுகிவிடும், அதனால் பிளாண்ட்டைச் சுற்றித்தான் ஓடும். ஜல்லி, எம்-சாண்ட், செங்கல், தண்ணீர் எல்லாம் எடை அதிகம், விலை குறைவு. ரொம்ப தூரம் கொண்டுபோனால் சரக்கு விலையை வாடகை தாண்டிவிடும் என்பதால் யாரும் கொண்டுபோக மாட்டார்கள். கரும்பு வெட்டியதும் ஆலைக்குப் போக வேண்டும், நின்றால் சாறும் சர்க்கரையும் குறையும். இன்னொரு வகை, கடைசியாகக் கை மாறும் சரக்கு. சங்ககிரி டெர்மினலிலிருந்து சுற்று வட்டாரப் பெட்ரோல் பங்குகளுக்குப் போகும் பெட்ரோல், டீசல். நிரப்பும் பிளாண்ட்டிலிருந்து ஏஜென்சிக்குப் போகும் சிலிண்டர். டிஸ்ட்ரிபியூட்டர் குடோனிலிருந்து மளிகைக் கடைக்குப் போகும் சோப்பு, பிஸ்கட். தீவன மில்லிலிருந்து பண்ணைக்குப் போகும் தீவனம். இதெல்லாம் காலையில் கிளம்பிச் சாயங்காலம் காலியாகத் திரும்பும் வேலை.

இதற்கு நேர் எதிரானதும் நம் ஊரிலேயே இருக்கிறது. நாமக்கல்லில் இருக்கிற கேஸ் டேங்கர்கள், அதாவது புல்லட் வண்டிகள், துறைமுகத்திலும் சுத்திகரிப்பு ஆலையிலும் ஏற்றி வெளி மாநில பிளாண்ட் வரைக்கும் போகும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில், அதாவது போர்வெல் போடும் வண்டியில், ஏறினால் மாதக் கணக்கில் வட நாட்டில்தான். முட்டை நம் ஊர்ச் சரக்கு என்றாலும் கேரளாவுக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் போய்ச் சேர வேண்டிய லோடு. ஓனர் வீடு உங்கள் தெருவிலேயே இருக்கலாம், வண்டி உங்கள் தெருவுக்கு வராது.

கிலோமீட்டர் குறைவாக இருந்தால் மட்டும் போதாது

இதில் பலர் ஏமாறுகிறார்கள். கன்டெய்னர் டிரெய்லர் நல்ல உதாரணம். சென்னையில் மாதவரம், மணலி, செங்குன்றம் பக்கத்து யார்டிலிருந்து துறைமுகம் என்ன தூரம்? ஓட்டினால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நின்ற காலத்தில், அந்தத் தூரத்துக்கே டிரைவர்கள் கேபினில் இரவைக் கழித்தார்கள். வரிசை குறைந்தாலும், கேட், ஸ்கேன், பேப்பர், யார்டு என்று காத்திருப்பு அந்த வேலையோடு ஒட்டிப் பிறந்தது. ஓட்டும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது வேலை நடக்கும் நேரம். பாக்கெட் பால் வண்டி நடுராத்திரிக்கு மேல் டெய்ரியில் ஏற்றி விடிவதற்குள் பூத்துக்குப் போட்டாக வேண்டும். பிராய்லர் கோழி வண்டியும் அப்படித்தான். வெயிலில் கோழி செத்துவிடும் என்பதால் ராத்திரிதான் பண்ணையில் பிடிப்பார்கள், காலையில் கடைக்கு இறக்குவார்கள். இரண்டிலும் தினமும் வீட்டுக்கு வரலாம். ஆனால் நீங்கள் வரும்போது பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும், அது வரும்போது நீங்கள் அடுத்த டிரிப்புக்குத் தயாராவீர்கள். பகலில் தூக்கம் வருமா என்பது அவரவர் உடம்பைப் பொறுத்தது. ஓட்டு வீட்டில், சித்திரை வெயிலில், பகல் தூக்கம் எனக்கு ஒத்து வராது. அதனால் அந்தப் பக்கமே நான் போகவில்லை. சரியாகத் தூங்காமல் ஸ்டியரிங் பிடிப்பது எங்கே போய் முடியும் என்று லைனில் ஓட்டியவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ரெடிமிக்ஸ் வண்டிக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு வீட்டுக்குத் தளம் போட ஆரம்பித்துவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. பம்ப் பழுதானாலும் மழை வந்தாலும் தளம் முடிகிற வரைக்கும் வண்டி போய் வந்துகொண்டே இருக்க வேண்டும். கடைசி டிரிப் முடிந்து பிளாண்ட்டுக்கு வந்து டிரம்மைத் தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் கிளம்பலாம். கழுவாமல் விட்டால் உள்ளே இறுகிப்போய், அப்புறம் ஆளை உள்ளே இறக்கி உடைத்து எடுக்க வேண்டியதுதான். ஏழு மணிக்கு வரவேண்டியவர் பதினொரு மணிக்கு வரும் நாள் வாரத்துக்கு ஒன்றிரண்டு இருக்கும். வருவது மட்டும் நிச்சயம். பெரிய ஊர்களில் காலை, மாலை நெரிசல் நேரத்தில் கனரக வண்டிக்கு அனுமதி இல்லாததால் ராத்திரி ஷிஃப்டும் உண்டு. எந்த ஷிஃப்ட் என்று முதலிலேயே கேளுங்கள்.

டிப்பர் வேலை சீக்கிரம் கிடைக்கும், பகலோடு முடியும். ஆனால் டிரிப் கணக்கில் சம்பளம் என்றால் விரட்டு விரட்டு என்று விரட்டுவார்கள். அதோடு இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். கனிமவளத் துறை நடைச்சீட்டு இல்லாமல் குவாரியிலிருந்து ஒரு லோடுகூட எடுக்காதீர்கள். வண்டி பிடிபட்டால் ஸ்டேஷனில் முதலில் உட்காருவது டிரைவர்தான். ஓவர்லோடும் வேண்டாம். 2019-இல் திருத்திய சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். “நான் பார்த்துக்கறேன், நீ எடு” என்று சொல்கிற ஓனர், பிடித்த இடத்துக்கு வர அரை நாள் ஆகும்.

தீவன லாரியில் ஒரு நாள்

நான் பார்க்கிற வேலை என்பதால் இதை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். விடிவதற்கு முன் மில்லுக்குப் போய்விட வேண்டும். முதல் நாள் சாயங்காலமே எந்தப் பண்ணைக்கு என்ன தீவனம் என்று சூப்பர்வைசர் போனுக்கு அனுப்பிவிடுவார். குஞ்சு இறக்கிய பண்ணைக்கு ப்ரீ-ஸ்டார்ட்டர், வளர்ந்த கோழிக்கு ஃபினிஷர். கடைசியாக இறக்க வேண்டிய மூட்டையை முதலில் ஏற்ற வேண்டும். லோடுமேன்கள் ஏற்றும்போது டிரைவர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் பண்ணையில் மூட்டையைப் புரட்டிப் புரட்டி ஒரு மணி நேரம் போய்விடும். நான் நின்று பார்த்து ஏற்றுவேன்.

சேந்தமங்கலம், எருமப்பட்டி, கொல்லிமலை அடிவாரம் என்று மூன்று நான்கு பண்ணை. எந்தப் பண்ணைக்கு முதலில் போவது என்பதில் ஒரு முறை இருக்கிறது. சின்னக் குஞ்சு இருக்கிற பண்ணை முதலில். கோழிக்கு நோவு இருக்கிற பண்ணை எப்போதும் கடைசி. ஒரு பண்ணைக் கிருமியை அடுத்த பண்ணைக்குச் சக்கரம் கொண்டுபோகும். அதற்காகத்தான் கேட்டில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி கட்டியிருப்பார்கள், அதில் நாலு பக்கமும் நனைய ஓட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். தொட்டி காய்ந்து கிடந்தால் பண்ணைக்காரரைக் கூப்பிட்டுத் தெளிப்பான் கேட்பேன். முதலில் முகம் சுளித்தவர்கள் இப்போது நான் வருவதற்கு முன்பே தண்ணீர் விட்டு வைக்கிறார்கள்.

தார்ப்பாய் விஷயத்திலும் சோம்பல் படக்கூடாது. ஒரு தூறல் பட்டால் தீவனம் கட்டி பிடிக்கும், பூஞ்சை வரும், அந்த மூட்டையைப் பண்ணைக்காரர் வாங்க மாட்டார். இறக்கி, கையெழுத்து வாங்கி, காலிச் சாக்கைக் கட்டி மில்லுக்கு வந்து கணக்குக் கொடுத்தால் பெரும்பாலும் வெளிச்சம் இருக்கும்போதே வேலை முடிந்துவிடும். கோழி எல்லா நாளும் தின்னும் என்பதால் வேலை நிற்காது. பிராய்லர் விலை விழுந்து குஞ்சு இறக்குவதைக் குறைத்தால் நம் டிரிப்பும் குறையும், அது ஒன்றுதான்.

விசாரிக்க வேண்டிய ஆட்கள்

வாட்ஸ்அப் குரூப்பில் வரும் விளம்பரத்தைக் கடைசியில் பாருங்கள். நல்ல லோக்கல் வண்டியில் ஒருவன் உட்கார்ந்தால் லேசில் இறங்க மாட்டான். அப்படியே இறங்கினாலும் விளம்பரம் போடும் முன்னாலேயே தெரிந்த ஆள் ஏறிவிடுவான். அந்தத் தெரிந்த ஆளாக நீங்கள் இருக்க வேண்டும்.

நான் முதலில் அனுப்புவது எடைமேடைக்கு. எந்த வண்டி எத்தனை மணிக்கு ஏற்றிப் போகிறது, எத்தனை மணிக்குக் காலியாக வருகிறது, எந்த டிரைவர் மாறிவிட்டான் என்பதெல்லாம் எடைமேடைக்காரருக்கு அத்துப்படி. கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் போய் உட்கார்ந்து பேசினால் சொல்லுவார். அப்புறம் டயர் கடை. மாதத்துக்கு எவ்வளவு டயர் தேய்கிறது, காசு நேரத்துக்கு வருகிறதா என்று பார்த்தே ஓனரின் குணத்தை அவர் எடை போட்டு வைத்திருப்பார். டயர் கடைக்குப் பாக்கி வைக்கிறவர் டிரைவருக்கும் வைப்பார். டீசல் பங்கு, பட்டறை, எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டி நிற்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல், லாரி உரிமையாளர் சங்க ஆபீஸ், இங்கேயும் பெயரும் நம்பரும் கொடுத்து வையுங்கள்.

மில், டெர்மினல், பிளாண்ட் மாதிரி இடங்களில் கம்பெனிக்கு நேரடியாக டிரைவர் எடுப்பது குறைவு. டிரான்ஸ்போர்ட் கான்ட்ராக்டரிடம்தான் வண்டி இருக்கும். கேட்டில் இருக்கிற செக்யூரிட்டியிடம் “இங்க யாரு வண்டிங்க அதிகம் ஓடுது?” என்று கேட்டால் இரண்டு மூன்று பெயர் சொல்லுவார். அந்த ஆபீஸுக்கு நேரில் போங்கள். துவைத்த சட்டை, லைசென்ஸ் நகல், முன்பு ஓட்டிய ஓனர் நம்பர். இது போதும்.

தீபாவளிக்கு அடுத்த சில வாரம் தேடுவதற்கு நல்ல நேரம். போனஸ் வாங்கிய கையோடு பலர் வண்டி மாறுவார்கள், ஷெட்டில் இடம் காலியாகும்.

எல்லாவற்றையும்விட நல்ல வாசல் ஆக்டிங். நிரந்தர டிரைவர் கல்யாணம், கோயில், காய்ச்சல் என்று லீவு போடும் நாளில் ஓட்ட ஆள் கிடைக்காமல் ஓனர்கள் தவிப்பார்கள். அந்த ஒரு நாளைக்கு ஒத்துக்கொண்டு போங்கள். வண்டி, வழி, பண்ணை, ஓனர் பேச்சு எல்லாவற்றையும் நீங்களே பார்த்துவிடலாம், அவரும் உங்கள் கிளட்சையும் பிரேக்கையும் பார்த்துவிடுவார். எனக்கு இந்த வேலை கிடைத்ததும் ஆக்டிங் போன பழக்கத்தில்தான்.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஷெட்டுக்குப் போங்கள்

வேலை ஒத்துக்கொள்ளும் முன் இதை அவசியம் செய்யுங்கள். வாரத்தில் நடுவில் ஒரு நாள், ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த ஓனரின் ஷெட் வழியாகப் போங்கள். வண்டிகள் வந்து நிற்கின்றனவா, ஷெட் காலியாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். எட்டு வண்டி வைத்திருக்கிறேன், எல்லாம் லோக்கல் என்று சொன்ன ஒருவரின் ஷெட்டுக்கு என் பங்காளி மகன் போய்ப் பார்த்தான். இரண்டு வண்டி நின்றது, இரண்டும் பட்டறை வேலைக்காக நின்றது. வாட்ச்மேனிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டதில் மீதி வண்டிகள் ஓசூர், பெங்களூரு என்று தெரிந்தது. அந்த வேலைக்கு அவன் போகவில்லை.

பழைய டிரைவரையும் தேடிப் பிடித்துப் பேசுங்கள். எதற்காக இறங்கினார் என்று அவர் ஒரு காரணம் சொல்லுவார், ஓனர் ஒரு காரணம் சொல்லுவார். இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு எடுங்கள்.

அடுத்து வண்டி. முன்னாலும் பின்னாலும் நேஷனல் பர்மிட் என்று எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால், லோக்கல் லோடு குறையும் மாதத்தில் ஓனர் உங்களை லைனுக்கு அனுப்ப முடியும். தமிழ்நாடு பர்மிட் மட்டும் இருக்கிற வண்டி நாக்பூர் போகாது. இதில் இன்னொரு கோணம் உண்டு. சாதாரண லாரிக்கு 12 வருடமும், மல்டி ஆக்சில் வண்டிக்கு 15 வருடமும் ஆகிவிட்டால் நேஷனல் பர்மிட் கிடைக்காது. அப்படி வயதான வண்டிகள்தான் லோக்கலுக்கு நிறைய வந்து சேருகின்றன. ஆகவே பிரேக், ஸ்டியரிங், டயர் மூன்றையும் ஓட்டிப் பார்க்காமல் சரி என்று சொல்லாதீர்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்றாலும், லோக்கல் வண்டியில் அதை எதிர்பார்க்க இன்னும் வருடங்கள் ஆகும்.

எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ், எஃப்.சி., பர்மிட் எதுவரை என்று வந்துவிடும். எட்டு வருடத்துக்கு மேல் ஓடிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். இன்சூரன்ஸ் தீர்ந்த வண்டியைப் பக்கத்து ஊருக்குக்கூட எடுக்காதீர்கள். பக்கத்து ஊர்தானே என்று போகும் வழியில் ஒரு பைக்காரர் மேல் பட்டால், கோர்ட் வாசலில் ஓனரோடு நீங்களும் நிற்க வேண்டும்.

ஓனரிடம் கேட்க வேண்டியது

“சம்பளம் எவ்வளவு?” என்று ஆரம்பிக்காதீர்கள். “சாயங்காலம் எத்தனை மணிக்குங்க வண்டி ஷெட்டுக்கு வரும்?” என்று ஆரம்பியுங்கள். “அது லோடைப் பொறுத்து தம்பி” என்று பதில் வந்தால் அடுத்த கேள்வி தயாராக இருக்க வேண்டும்: “போன வாரம் எத்தனை நாள்ங்க வண்டி வெளியூர்ல ஹால்ட் ஆச்சு?” நேர்மையானவர் ஒரு எண் சொல்லுவார். மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள்.

இறக்கும் இடத்தில் காத்திருந்தால் அதற்குப் படி உண்டா? ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி யார் கணக்கு? மூட்டை குறைந்தால் யார் தலையில் விழும்? போலீஸ் ஃபைன் எப்படி? ஞாயிறு லீவா, ஞாயிறு ஓட்டினால் தனிப் படியா? ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டட வேலை நின்றால் டிப்பர், மிக்சர் டிரைவருக்குச் சம்பளம் உண்டா, பாதியா? கரும்பு லாரி என்றால் அரவை முடிந்தபின் என்ன வேலை? இதையெல்லாம் முதல் நாளே கூச்சப்படாமல் பேசுங்கள். கொஞ்சம் பெரிய கான்ட்ராக்டர் என்றால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடம் என்றால் இ.எஸ்.ஐ. உங்கள் உரிமை, வீட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்து வைத்தியம் கிடைக்கும். 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றுதான் வேலை நேரத்தை வகுத்தது. லாரித் தொழிலில் அதை யாரும் பேசுவதில்லை. நாமாவது பேச வேண்டும் என்பது என் ஆசை.

பணம் குறையும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் குறைவதைச் சரியாகக் கணக்குப் போடுங்கள். ஒரு பேச்சுக்கு, லைனில் சம்பளமும் படியும் சேர்ந்து 32,000 வருகிறது என்று வையுங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, டீ, குளியல், போன், வழியில் கைவிட்டுப் போகிற சில்லறை என்று 10,000 போய்விடும். வீட்டுக்கு வருவது 22,000. லோக்கலில் 21,000 கொடுத்து வீட்டுச் சோறு சாப்பிட்டால் வித்தியாசம் எவ்வளவு? உங்கள் சொந்தச் செலவை ஒரு மாதம் எழுதிப் பாருங்கள், தொகை ஆளுக்கு ஆள் மாறும். தவணை, சீட்டு ஏதாவது ஓடினால் அதை முடித்துவிட்டு மாறுவது நல்லது. வீட்டு அம்மாவை உட்கார வைத்து இந்தக் கணக்கைக் காட்டிவிட்டு முடிவு எடுங்கள். குறைகிற பணத்தை வைத்துக் குடும்பம் நடத்தப் போவது அவர்தான்.

லைசென்ஸில் சேர்க்க வேண்டியது

புதிதாக வருகிறவர்களுக்கு: வயது 20 ஆக வேண்டும், எல்.எம்.வி. (இலகுரக வண்டி) லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தால்தான் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்குப் பழகுநர் உரிமம் தருவார்கள். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2019-இல் போய்விட்டது. டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், தேதியை மறக்காதீர்கள். ஹெவி எடுக்கும்வரை குட்டி யானை, தோஸ்த் மாதிரி வண்டியில் டெலிவரி வேலை பார்க்கலாம். 7,500 கிலோ வரைக்கும் மொத்த எடை உள்ள சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தெருத் தெருவாகப் போய்ப் பழகிய ரூட் பிற்பாடு ஈச்சர் வண்டி வேலைக்குப் போகும்போது கைகொடுக்கும்.

அனுபவம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அபாயகரமான சரக்கு ஏற்றுவதற்கான மூன்று நாள் பயிற்சியை முடித்து லைசென்ஸில் பதிந்துவிடுங்கள். பெட்ரோல் டேங்கருக்கும் சிலிண்டர் லாரிக்கும் அது இல்லாமல் ஏற விட மாட்டார்கள். தமிழோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி. மூன்று வருடத்துக்கு ஒரு முறை, ஒரு நாள் பயிற்சியோடு புதுப்பிக்க வேண்டும். லோக்கல் வேலையில் பங்குக்கு டீசல் இறக்குவது மதிப்பான வேலை. அளவுகோல், அடர்த்தி, சீல் என்று ஒழுங்கும் அதிகம். அதனாலேயே கண்ட ஆளை ஏற்ற மாட்டார்கள், பதிவு உள்ளவனுக்குப் போட்டி குறைவு.

லாரியே வேண்டாம், ஸ்டியரிங் இருந்தால் போதும் என்றால் கல்லூரிப் பேருந்தும் கம்பெனிப் பேருந்தும் இருக்கின்றன. மத்தியானம் தூங்கலாம். ஆனால் அதற்கு பேட்ஜ் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

சேர்ந்த பிறகு

முதல் மாதம் கிளம்பிய நேரம், வீடு வந்த நேரம் இரண்டையும் டிரிப் நோட்டிலேயே ஓரமாக எழுதி வாருங்கள். மாதக் கடைசியில் ஓனரிடம் பேசும்போது “ரொம்ப லேட்டாகுதுங்க” என்று மொட்டையாகச் சொல்வதைவிட, “இந்தப் பண்ணையில இறக்க ஆள் இல்லாம நாலு தடவை ராத்திரி எட்டாச்சுங்க” என்று சொன்னால் அவரால் ஏதாவது செய்ய முடியும். என் விஷயத்தில் சூப்பர்வைசர் அந்தப் பண்ணைக்காரரைக் கூப்பிட்டுப் பேசி, மத்தியானமே ஆள் நிறுத்தச் சொன்னார்.

ஒரு நாள் கண்டிப்பாக வரும்: “இந்த ஒரு டிரிப் மட்டும் ஹைதராபாத் போய்ட்டு வந்துருப்பா, வேற ஆள் இல்லை.” முதல் தடவை போனால் இரண்டாம் தடவை கேட்கக்கூட மாட்டார்கள், வண்டியில் லோடு ஏறியிருக்கும். கோபப்படவும் வேண்டாம், காய்ச்சல் என்று பொய் சொல்லவும் வேண்டாம். சேரும்போது பேசியதை மரியாதையாக நினைவுபடுத்துங்கள். கையோடு ஒரு வழியும் சொல்லுங்கள். லைனுக்குப் போகத் தயாராக இருக்கிற ஆக்டிங் டிரைவர் இரண்டு மூன்று பேர் நம்பரை எப்போதும் போனில் வைத்திருங்கள். “நான் போக முடியாதுங்க, ஆனா நல்ல ஆள் ஒருத்தர் இருக்கார், பேசிட்டு சொல்லட்டுமா?” என்று கேட்டால் ஓனருக்கும் லோடு போய்விடும், காலையில் உங்கள் வண்டிச் சாவி உங்களுக்கே வரும்.